ரெண்டு சுருள்

வெட்டியவன் நானில்லை.
எனக்கு முன்னால் இந்த ஜென்னை வைத்திருந்த
ஓமலூர் ரோட்டுக் கல்லூரிப் பையன்
கட்டிங் வீலைப் பிடித்து
ஸ்பிரிங்கில் ரெண்டு சுருளை எடுத்துவிட்டான்.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
பாய்வதற்கு முன் பூனை
வயிற்றைத் தரையில் ஒட்டுமே, அப்படி.
எழுபது சொன்னான். அறுபத்திரண்டுக்கு முடித்தேன்.
வெட்டிய சுருள் எங்கே என்றதற்கு
"பேனா ஸ்டாண்டா வச்சிருக்கேண்ணா" என்றான்.

அன்றிலிருந்து
சேலத்தின் வேகத்தடைகள் எல்லாம்
தனித்தனியாக எனக்கு அறிமுகம்.
அஸ்தம்பட்டியில் இருப்பது
நேராக ஏறினால் இடிக்கும், சாய்த்து ஏறினால் மன்னிக்கும்.
கோரிமேட்டில் இருப்பது எப்படிப் போனாலும் இடிக்கும்.
ஒவ்வொரு இடிக்கும்
பக்கத்து சீட்டில் தமயந்தி "ஸ்ஸ்" என்பாள்.
அடி காருக்கா அவளுக்கா என்று
கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாதையன் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினான்.
சக்கரம் தொங்கத் தொங்க
ஸ்பிரிங் இடம்விட்டு லொடலொடவென்று ஆடியது,
அண்ணன் சட்டைக்குள் தம்பி தோள் மாதிரி.
"சதையை வெட்டிட்டான், எலும்பை வெட்டல.
ஷாக் அப்சார்பர் இன்னும்
பழைய உசரத்தையே நம்பிக்கிட்டு இருக்கு சார்."
தண்டிலிருந்து கசிந்த எண்ணெய்
புழுதியில் கலந்து மையாகியிருந்தது.

புது ஸ்பிரிங்கே போட்டுவிடலாமே என்றாள் தமயந்தி.
போடலாம். அதுதான் சரி.
ஜவ்வரிசி மில்லில் கணக்கெழுதுகிறவன்,
செலவை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாதவனா?
ஆனால் எனக்கு
அந்தப் பூனையைப் பிடித்துப் போயிருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் மைமூன் பீவியின் கடை.
வேறு வேறு கார்களின் ஷாக்குகள்
முருங்கைக்காய்க் கட்டுகளாய்ச் சுவரில் சாய்ந்திருந்தன.
தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டிருந்தார்.
"கண்ணுக்குக் கண் எவ்வளவு?
முழுசா இழுத்தா எவ்வளவு, முழுசா அமுக்கினா எவ்வளவு?
ஒண்ணை மட்டும் அளந்துட்டு வர்றவன்
மறுநாளும் வருவான்."

ஆல்டோவுடையது நீளம் சரி, கண் சிறிசு.
ஆம்னியுடையதை மாதையன் முட்டி போட்டு அமுக்கியும்
அசையவில்லை. மூட்டை சுமக்கப் பிறந்தது.
மாட்டிஸில் ஒன்று உயிரோடு இருந்தது,
அதன் ஜோடி செத்திருந்தது.

கடைசியில் மூலையிலிருந்து ஒரு ஜோடி.
எண் தேய்ந்து, பெயின்ட் உரிந்து,
எங்களுடையதைவிட ஒன்றரை அங்குலம் குட்டை.
அமுக்கினால் போனது. விட்டால்
ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பப்பட்டவன் போல
மெல்ல, விருப்பமில்லாமல், மேலே வந்தது.
"நல்ல ஷாக்குன்னா இப்படித்தான் வரும்" என்றார் பீவி.
எந்த வண்டியுது?
"வந்தப்போ தெரிஞ்சிருந்துச்சு."

ஜோடி நானூற்றைம்பது.
புஷ்ஷுக்குள் நுழைக்க லேத்தில் கடைந்த குழாய், நூற்றிருபது.
தமயந்தியிடம் சொன்னது, மொத்தம் முந்நூறு.

சோதிக்க மில்லிலிருந்து ரெண்டு மூட்டையை டிக்கியில் போட்டு
ஏற்காடு மலை ஏறினோம்.
முதல் கொண்டை ஊசி, ரெண்டாவது, மூன்றாவது.
கீழே வெள்ளைக்கல் சுரங்கம்
யாரோ மாவு கொட்டிவிட்டது மாதிரி சிறுத்துக்கொண்டே போனது.
ஏழாவது வளைவில்
சவுக்கு ஏற்றிய லாரி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு இறங்க,
ஒதுங்கினேன்.
தார் உடைந்த விளிம்பில் பின்சக்கரம் இறங்கியது.

"ஸ்ஸ்" என்றாள் தமயந்தி.

இடி வரவில்லை.
வண்டி ஒருமுறை அமர்ந்து
ஒருமுறை எழுந்து
அவ்வளவுதான், போய்க்கொண்டே இருந்தது.
வாயிலிருந்து விட்ட சத்தத்தை
என்ன செய்வதென்று தெரியாமல் அவள்
ஜன்னல் பக்கம் திரும்பி
மிளகுக் கொடிகளைப் பார்த்தாள்.
காது மட்டும் சிரித்தது.

நானோ பின்னால் இருந்த அந்த இரண்டையும்
நினைத்துக்கொண்டேன்.
எங்கே ஓடியதோ, யாரைச் சுமந்ததோ,
இந்த மலையே முன்பு ஏறியதோ.
கேட்டால் சொல்லாது. தன் வேலையைச் செய்தது.

மேலே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தப் போனேன்.
உயரமான கல் திட்டு ஒன்று.
முன்பக்கம்
டொம்.

"முன்னாடி மாத்தலையா?"

அடுத்த மாசம் என்றேன்.
"அதுவும் முந்நூறா?" என்றாள்.